பார்க்காமல் ஆடுகிறவர்கள்

குத்தம்பாக்கத்திலிருந்து நசரத்பேட்டை பக்கமாக சர்வீஸ் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை. வெயில் இறங்கிவிட்டது, தார் ரோட்டின் சூடு மட்டும் இறங்கவில்லை. "பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரம்" என்று எங்கள் மனைப்பிரிவு நோட்டீஸில் போட்டிருந்தோம். பல மாதமாக அந்த நோட்டீஸை அதே பஸ் ஸ்டாண்டில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் நீட்டியவன் நான்தான். நடந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நோட்டீஸில் பொய் இல்லை. மனிதன் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பான்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றுக்கு நான் கிட்டத்தட்ட சொந்தக்காரன். சீட்டாட்டத்தில் போய்விட்டது. இப்படிச் சொன்னதும் இவன் குடிகாரன், பெண்டாட்டி கம்மலை வைத்து ஆடியவன் என்று ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். எனக்குப் பெண்டாட்டியும் இல்லை, வைத்து ஆட எதுவும் இல்லை. தோற்பதற்குக்கூட ஒருவன் இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் காயின்தான் இருந்தது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கும் நான் பள்ளிக்கூடத்துக்கும் அலுத்துப்போனோம். அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறை, ஆவடியில் தண்ணீர் கேன் போடுகிற வேலை, அப்புறம் காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் செக்யூரிட்டி. போக்கர் கற்றுக்கொண்டது அங்கேதான். மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஆடுவார்கள். ஒரு கை குறைந்தால் கேட்டில் இருக்கிற என்னைக் கூப்பிடுவார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று திறப்பார்கள். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து எவனுக்கு நல்ல ஐந்து அமைகிறதோ அவன் ஜெயித்தான். ஒவ்வொரு திறப்புக்கும் நடுவே பந்தயக் கட்டு ஏறும். பயந்தவன் சீட்டை மடக்கி வைத்துவிடலாம். கையில் ஒன்றும் இல்லாமலே பெரிய கட்டாகக் கட்டி, எதிராளியைப் பயமுறுத்தி மடக்க வைப்பதற்கு பிளஃப் என்று பெயர். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

கேட் கூண்டில் உட்கார்ந்து போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். இங்கிலீஷ் பாதிக்குப் பாதிதான் புரியும், சீட்டு முழுசாகப் புரியும். எதிராளியின் கழுத்து நரம்பைப் பார், அவன் காயினைத் தொடும் விரலைப் பார், மூச்சைப் பார் என்று ஒருவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பாடம் எடுப்பான். நானும் கேட்டுக்கு வருகிற கொரியர்காரன், பால்காரன் கழுத்தையெல்லாம் உற்றுப் பார்த்துப் பழகினேன். அந்த வேலை போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்புறம்தான் குத்தம்பாக்கம். மனை பார்க்க வருகிறவர்களைப் பூந்தமல்லியில் வேனில் ஏற்றி வந்து, காட்டி, திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். மனைப்பிரிவிலேயே ஒரு இரும்புக் கன்டெய்னரில் ஆபீஸ். சாயங்காலமானால் அதுதான் என் வீடு. மனையெல்லாம் விற்றுத் தீர்ந்ததும் முதலாளி சந்தோஷப்பட்டார். எங்களுக்கு வேலை முடிந்தது. அடுத்த நாள் கன்டெய்னரை லாரி வைத்துத் தூக்கிக்கொண்டு போவதாக இருந்தது, உள்ளே நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இந்த மாதிரி சமயத்தில் முதலாளிகள் வழக்கமாக பிரியாணி போட்டு, புரோக்கர்களுக்கு ஆளுக்கொரு வெள்ளிக் கிண்ணம் கொடுப்பார்கள். எங்கள் முதலாளிக்கு ஒரு மகன். பெங்களூரில் படித்தவன், பூந்தமல்லிக்கே நாகரிகம் கற்றுத் தரவேண்டும் என்று திரும்பி வந்தவன். போக்கர் போட்டி நடத்துவோம் என்றான். பணம் கட்டி ஆடினால் போலீஸ் வரும் என்று வக்கீல் சொன்னதால் நுழைவுக் கட்டணம் கிடையாது. ஒரு மனையாவது விற்றுக் கொடுத்தவர்களுக்கு ஒரு நாற்காலி, எல்லோருக்கும் ஒரே அளவு காயின். முதல் பரிசு, சைட்டில் கல்லும் சிமென்ட்டும் ஏற்றி இறக்கிய அந்தக் குட்டி யானை. இரண்டாம் பரிசு, ஒரு கைதட்டல்.

நானும் ஒரு மனை விற்றிருந்தேன். ரிட்டயர் ஆன ஒரு கணவன் மனைவி, திரும்பும்போது, "இங்க தண்ணி எப்படிப்பா?" என்று கேட்டார்கள். "அதத்தான் சார் நான் குடிக்கிறேன்" என்றேன். உயிரோடு இருந்தேன், அதைப் பார்த்து வாங்கிவிட்டார்கள்.

ஆக, எனக்கும் ஒரு நாற்காலி. வந்தவர்களைப் பார்த்தேன். எவருக்கும் போக்கர் தெரியாது. எல்லாம் மூணு சீட்டு ஆடுகிற கூட்டம். வண்டி எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். டயர் நான்கையும் ஒருமுறை உதைத்துப் பார்த்தேன். பின் பக்கம் ஒன்று மாற்ற வேண்டியிருந்தது. காலையில் காய்கறி லோடு, மத்தியானம் வீடு காலி செய்கிற லோடு, ராத்திரி பின்னால் போர்வையை விரித்தால் அதுவே வீடு. இனிமேல் எவன் கன்டெய்னரைத் தூக்கினாலும் எனக்கென்ன?

பந்தலைப் போட்டிருந்தது மனைப்பிரிவின் நடுவில். சின்ன முதலாளி மைக்கில் விதிகளை விளக்கினான். பாதி இங்கிலீஷ், பாதி பெங்களூர்.

என் மேஜையில் மூன்று பேரைச் சொன்னால் போதும். வலது பக்கம் கேபிள்காரர். டிவி கேபிள் இழுத்து, அந்த வழியாக எந்த வீடு காலி, எந்த மனை விலைக்கு என்று தெரிந்துகொண்டு புரோக்கர் ஆனவர். கையில் பிரேஸ்லெட், காதில் ஓயாமல் போன். எதிரே ஒரு பெரியவர். இந்த மனைப்பிரிவே அவருடைய நஞ்சைதான். விற்றார், விற்ற பணம் மகள்கள் கல்யாணத்தில் போனது, இப்போது அதே நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறார். இடது பக்கம் ஒரு பூக்கார அக்கா. சேக்காட்டில் கோயில் வாசலில் கடை. பூ வாங்க வருகிற பெண்களிடம் பேச்சுக் கொடுத்தே வாடகை வீடு பார்த்துத் தருவார், மனையும் தள்ளிவிடுவார். சொந்தக்காரர்கள் தலையிலேயே நான்கு மனை கட்டியிருந்தார். ஆடும்போதும் மடியில் ஒரு பை நிறைய மல்லி, கை சரம் கட்டிக்கொண்டே இருந்தது.

மூணு சீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிளைண்ட். தனக்கு வந்த சீட்டைத் தூக்கிப் பார்க்காமலே ஆடுவது. அப்படி ஆடுகிறவன், பார்த்து ஆடுகிறவன் கட்டுவதில் பாதி கட்டினால் போதும். காசும் மிச்சம், கெத்தும் லாபம். பார்த்து ஆடுகிறவனைக் கொஞ்சம் கோழை மாதிரிதான் பார்ப்பார்கள்.

"பிளைண்டுக்குப் பாதி தானே?" என்று கேட்டார் கேபிள்காரர்.

"நோ நோ. போக்கர்ல அப்படி இல்ல அங்கிள். எல்லாரும் முழுசா கட்டணும்" என்றான் சின்ன முதலாளி.

"சரி, முழுசா கட்டுறேன். ஆனா பாக்க மாட்டேன்."

"பாக்காம எதுக்கு அங்கிள் ஆடணும்? அதுல ஒரு பெனிஃபிட்டும் இல்ல."

"இன்னா மாமே சொல்ற, பாத்துட்டு ஆடுறதுக்கு இன்னாத்துக்கு ஆட்டம்? பாத்துட்டு வாங்க இது இன்னா கத்திரிக்காயா?"

பந்தலே சிரித்தது. அதற்குப் பிறகு பார்த்து ஆடினால் மானம் போய்விடும் என்று ஆகிவிட்டது. பாதிப் பேர் சீட்டைத் தொடவே இல்லை. பாதி விலைச் சலுகை இல்லாத ஊரிலும் சலுகைக்கான வழக்கத்தை விடாமல் கடைப்பிடித்தார்கள். ஆடியில் தள்ளுபடி போட்ட கடைக்குத் தையிலும் போய் நிற்கிற கூட்டம்தானே நாம்.

வீடியோவில் சொல்லித் தந்த பாடம் எல்லாம் எனக்கு அங்கேயே செத்தது. கழுத்து நரம்பைப் பார் என்றான் அந்தக் கறுப்புக் கண்ணாடி. தன் சீட்டு என்னவென்று தனக்கே தெரியாதவனின் கழுத்தில் என்ன துடிக்கும்? கேபிள்காரர் முகத்தில் ஒரே ஒரு கவலைதான் தெரிந்தது. அது எங்கேயோ அறுந்துபோன கேபிளைப் பற்றியது.

முதல் நல்ல கை எனக்கு இரண்டு ராஜா. பெரிதாகக் கட்டினேன். இந்தக் கட்டுக்கு மூன்று பேர் மடக்குவார்கள், ஒருவர் வருவார், அவரைத் தின்னலாம் என்பது கணக்கு. மேஜை முழுக்க வந்தது. யாரும் மடக்கவில்லை. மடக்குவது என்றால் எழுந்து போவது என்று நினைத்தார்களோ என்னவோ. கேபிள்காரர் போனில், "பாக்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுமா" என்று சொல்லிக்கொண்டே காயினைத் தள்ளினார். கடைசியில் அவர் சீட்டைத் திருப்பினால் ஏழும் இரண்டும். போக்கரில் அதைவிடக் கேவலமான கை கிடையாது. ஆனால் நடுவிலும் ஒரு ஏழு, ஒரு இரண்டு. அவருக்கு இரண்டு ஜோடி, எனக்கு ஒன்றுதான்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்படியா?" என்றார். "லைன் வந்துச்சாமா?" என்று போனில் கேட்டார்.

அடுத்தது பிளஃப். நடுவில் மூன்று ஆட்டின் விழுந்திருந்தது. கையில் இன்னும் இரண்டு ஆட்டின் இருப்பவனுக்கு ஐந்தும் ஒரே இனமாகிவிடும், அது பெரிய கை. என்னிடம் ஒன்றுகூட இல்லை. இருப்பதுபோல் காட்டி, அந்தப் பெரியவருக்கு எதிராக மலைபோல் கட்டினேன். அவர் மட்டும் தன் சீட்டைப் பார்த்து ஆடினார். பார்த்து ஆடுகிறவரைத்தானே பயமுறுத்த முடியும்? அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்ளோ எதுக்குத் தள்ற?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடியோவில் அப்படித்தான்.

"என் கழனியில உக்காந்துகினு என்னையே மெரட்டறியா? வுடு பாக்கலாம்." இருந்ததில் பாதியைத் தள்ளினார். அவர் கையில் வெறும் இரண்டு நாலு, ஒரு சின்ன ஜோடி. அது போதுமானதாக இருந்தது.

"மாமா, மூணு ஆட்டின் கீழ கெடந்துச்சே, நீங்க எப்படி வந்தீங்க?" என்றேன்.

"ஆட்டினாவது ஆட்டுக்குட்டியாவது. நீ தள்ளுன தோரண புடிக்கல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயப்படத் தெரிந்தவனிடம்தான் பொய் செல்லும். இழக்க ஒன்றும் இல்லாதவனிடமும் செல்லாது, எல்லாம் இழந்துவிட்டவரிடமும் செல்லாது. இலவசக் காயினைப் பாதுகாக்க இங்கே எவனுக்கும் வேர்க்கவில்லை. அந்தப் பந்தலில் காயினைக் காசாக நினைத்தவன் நான் ஒருவன்தான்.

அதன்பின் பிளஃப்பைத் தொடவில்லை. குப்பைக் கையை மடக்கினேன், சுமாரான கையையும் மடக்கினேன். நல்ல கை வந்தால் மட்டும் கூச்சமில்லாமல் பெரிதாகக் கட்டினேன். இவர்கள்தான் மடக்க மாட்டார்களே. கெட்டிக்காரத்தனம் எதுவும் தேவையில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பொறுமை போதும். அதில் எனக்கு அனுபவம் உண்டு.

"இன்னா நைனா, எப்பப் பாரு மடக்கிகினே கீற? துணி மடிக்கிற வேலையில இருந்தியா?" என்று பூக்கார அக்கா கேட்டார். சிரித்துவிட்டு மடக்கினேன்.

நேரம் ஆக ஆக, ஆட்டத்துக்கு முன் கட்டியே தீரவேண்டிய கட்டாயக் கட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். சும்மா காத்திருந்தாலும் காயின் கரையும். நல்லவேளையாக எனக்கு ஏஸ் ஜோடி வந்தது. கேபிள்காரர் சீட்டைப் பார்க்காமல் முழுதும் தள்ளிவிட்டு, டீயை வாங்கினார். டீ ஆறுவதற்குள் அவர் ஆட்டம் முடிந்தது. "நமக்கு வேலை கெடக்குது மச்சான்" என்று எழுந்து போனார். பெரியவரை மூன்று ராணி வைத்து முடித்தேன். அவர் கோபப்படவில்லை. காலடியில் இருந்த மண்ணைச் செருப்பால் ஒருமுறை தேய்த்தார். "இங்கதான் பம்ப் செட் இருந்துச்சு" என்று யாரிடமோ சொல்லிவிட்டு பிரியாணிப் பக்கம் போனார்.

சாயங்காலம் எல்லா மேஜையும் கழிந்து மிஞ்சியது நானும் பூக்கார அக்காவும். அவர் எப்படி மிஞ்சினார் என்று எந்த வீடியோவும் சொல்லாது. காலையிலிருந்து ஒரு சீட்டையும் முன்கூட்டிப் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு ஆட்டத்திலும், பூவைக் கூட்டி அள்ளுவதுபோல் முழங்கையால் எல்லாக் காயினையும் நடுவே தள்ளினார்.

"எல்லாமா அக்கா?"

"எல்லாந்தான். பாத்தா ராசி பூடும். நீ வரியா, இல்ல துணி மடிக்கிறியா?"

மடக்கினேன். மறுபடியும் எல்லாம். மடக்கினேன். ஒவ்வொரு மடக்கலுக்கும் கட்டாயக் கட்டு அவரிடம் போனது. என் பக்கம் கூடுதலாக இருந்த காயின் சமமாகி, பிறகு குறைந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவர் பக்கம். ஒருவர், "அக்காவைப் பார்த்தா பயமா கீது இல்ல?" என்றார். சின்ன முதலாளி மைக்கில், "ஃபியர்லெஸ் பிளே!" என்று கத்தினான். நானும் ஒருநாள் முழுக்க ஆடினேன். என் ஆட்டத்துக்கு அவன் ஒரு பெயரும் வைக்கவில்லை.

ஏஸும் ராஜாவும் வந்தது.

அவருடைய கை ஏதோ ஒரு இரண்டு சீட்டு. ஏதோ ஒரு இரண்டு சீட்டுக்கு எதிராக ஏஸ், ராஜா என்றால் மூன்றில் இரண்டு தடவை நான் ஜெயிப்பேன். இதைவிட நல்ல இடம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. எல்லாவற்றையும் தள்ளினேன். வண்டியின் பின்பக்க டயர் ஞாபகம் வந்தது.

"ரெண்டு பேரும் கார்ட்ஸை ஓபன் பண்ணணும்" என்றான் சின்ன முதலாளி. நான் திருப்பினேன்.

அக்கா திருப்பவில்லை. "கீழ எல்லாம் வரட்டும்பா. அப்பால நான் தொறக்குறேன்."

"ரூல் அப்படி இல்ல ஆன்ட்டி."

"உன் ரூலு பெங்களூர்ல. அக்கா அப்பால தொறக்கும்" என்றது கூட்டம். பெங்களூர் பின்வாங்கியது.

நடுவில் முதல் மூன்று: ராஜா, ஏழு, நாலு. என் ராஜா ஜோடியானான். அடுத்தது ஜாக்கி. கடைசியாக இன்னொரு நாலு. எனக்கு ராஜா ஜோடி, கீழே இருந்த நாலும் ஒரு ஜோடி. மனசுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டேன்.

அக்கா கட்டிக்கொண்டிருந்த சரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நாரைப் பல்லால் அறுத்தார். அப்புறம் ஒரு சீட்டைத் திருப்பினார். ஒன்பது. கூட்டம் "ச்சே" என்றது. விரலை எச்சில் தொட்டு இரண்டாவதைத் திருப்பினார்.

நாலு.

கீழே இருந்த இரண்டோடு மூன்று நாலு, என் இரண்டு ஜோடியைத் தின்றுவிடும். கூட்டம் கத்திய கத்தலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம், "இது நல்லதா?" என்று கேட்டதை வாயசைவில் படித்தேன். அந்த ஒரு நாளில் எதிராளி முகத்தைப் பார்த்து நான் சரியாகப் படித்தது அது ஒன்றுதான்.

தங்கத்தாள் ஒட்டிய பெரிய அட்டைச் சாவியை அவர் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். எனக்கான கைதட்டலுக்கு நான் நிற்கவில்லை. கன்டெய்னரிலிருந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இப்படித்தான் அந்தச் சர்வீஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். செம்பரம்பாக்கம் தாண்டும்போது பின்னால் ஹாரன் அடித்தது. குட்டி யானைதான். ஓட்டிக்கொண்டிருந்தவர் முதலாளியின் கணக்குப்பிள்ளை. பக்கத்தில் அக்கா, மடியில் அட்டைச் சாவி.

"யோவ் தம்பி, நில்லு. வண்டி ஓட்டற லைசென்சு கீதா?"

"இருக்கு."

"எனக்கு சைக்கிளே வராது. இவரு இன்னிக்கு ஊட்ல கொண்டாந்து வுடுவாரு, அவ்ளோதான். காலைல கோயம்பேடு போய் பூ ஏத்தணும். வரியா?"

"வேற வேலை பார்த்துட்டேன்" என்றேன். அதற்கும் அவர் என் கழுத்தைப் பார்க்கவில்லை.

"இன்னா வேல?"

பையை மறு தோளுக்கு மாற்றினேன். பிளஃப் என்றால் அடுத்த கட்டும் கட்டத் தயாராக இருக்க வேண்டும்.

"சரி, யோசி. சேக்காடு கோயிலாண்ட வந்து பூக்கடைன்னு கேளு. ஏறிக்க, பூந்தமல்லியில எறக்கி வுடுறேன்."

"நடந்துக்கிறேன் அக்கா."

"நட, நட" என்றார். வண்டி போயிற்று. பின் டயர் ஒரு பக்கம் லேசாக ஆடியது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பெஞ்சு கிடைத்தது. அந்தக் கையை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நான் ஆடியது சரி. அந்த வண்டியை வைத்துத் திரும்ப ஆடச் சொன்னால் திரும்பவும் அதையேதான் செய்வேன். சரியாக ஆடியவன் பெஞ்சில் படுத்திருந்தேன். கொசு மட்டும் அதை ஒப்புக்கொள்ளாமல் கடித்தது. எல்லாம் சரியாகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டு பெஞ்சில் படுத்திருக்கிறவர்கள் பூந்தமல்லியில் என்னைத் தவிரவும் நிறையப் பேர் இருந்தார்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரர் எனக்குச் சொன்ன கதையும் ஏறக்குறைய அதுதான். அவர் தோற்றது சீட்டில் இல்லை, மெஸ் நடத்தி.

முதல் பஸ்ஸில் ஆவடிப் பக்கம் போய் இறங்கி, விசாரித்துச் சேக்காட்டுக்குப் போனேன். அக்கா தலை குளித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, நேற்று சொன்ன அந்த வேறு வேலையைப் பற்றிக் கேட்கவும் இல்லை. வாரச் சம்பளம், காலை டிபன், ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்றார். நான் தலையாட்டினேன். நிஜச் சாவியை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

டிரைவர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்து நகர்த்தினேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். இரண்டாவது கியரிலேயே தெரிந்துவிட்டது, கிளட்ச் தேய்ந்து போயிருந்தது. என் வண்டியாக இருந்திருந்தால் அன்றைக்கே கவலைப்பட்டிருப்பேன்.